போலீஸ்காரர் தொல்லை: 'பேசி முடிக்கிறேன்' என்பவரை நம்பலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறோம். ஸ்கூட்டர் திருட்டுப் புகார் கொடுத்த என் தங்கையின் நம்பருக்கு, அந்த ஸ்டேஷன் போலீஸ்காரர் ஒருவர் ராத்திரியில் வாட்ஸ்அப்பில் ஆபாசமாக எழுதுகிறார். 'சாயங்காலம் தனியாக வா, வண்டி கிடைக்கும்' என்கிறார். ஊரில் ஒருவர், 'அரசு அனுமதி இல்லாமல் போலீஸ் மேல் கேஸ் போட முடியாது, நானே பேசி முடிக்கிறேன்' என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த ஊர்க்காரரிடம் இனி இது பற்றிப் பேசாதீர்கள். ஸ்டேஷன் வாசலில் இப்படி ஆட்கள் எப்போதும் நிற்பார்கள். உங்களிடம் பணம் வாங்குவார்கள், அந்தப் பக்கமும் நல்ல பெயர் எடுப்பார்கள். நீங்கள் பேரம் பேச வந்ததாக நாளைக்கு சாட்சியும் சொல்வார்கள்.

அவர் சொல்லும் அனுமதி விஷயம் பாதி உண்மை. பணி தொடர்பான குற்றச்சாட்டு என்றால் அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசு அனுமதி வேண்டும். ஆனால் பாலியல் தொல்லை, பின்தொடர்ந்து தொல்லை செய்வது, மானபங்கம், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கு அனுமதி தேவையே இல்லை. 2013-ல் சட்டத்தைத் திருத்தியபோதே இதைச் சேர்த்துவிட்டார்கள். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ஸின் 218-வது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. யூனிஃபார்மில் இருந்தார், டியூட்டி நேரம், ஜீப்பில் வந்தார், விசாரணைக்குத்தான் கூப்பிட்டார் என்று எதைச் சொன்னாலும் சரி, இந்தக் குற்றங்களுக்கு அனுமதிக் கடிதம் வேண்டாம். பத்து வருடம் தாண்டியும் இந்தப் பொய்யை வைத்துப் பிழைக்கிறார்கள் என்றால், சட்டத்தை மக்களிடம் கொண்டுபோக யாருக்கும் அக்கறை இல்லை என்றுதான் அர்த்தம்.

தங்கை அவருக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பட்டும்: 'எனக்கு இப்படி எழுதாதீர்கள்.' விருப்பமில்லை என்று தெரிவித்த பிறகும் தொடர்ந்தால் அது பி.என்.எஸ். (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டம்) 78-வது பிரிவில் வரும் குற்றம். உடலுறவுக்குக் கூப்பிடுவது 75-ல் வரும். எதையும் அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனே பத்திரமாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகவே வேண்டாம். சாட்சியாகப் பெண்ணை விசாரிப்பதென்றால் அவள் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும்.

புகாரை அதே ஸ்டேஷனில் கொடுக்காதீர்கள். மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் இயங்கும் மாவட்ட போலீஸ் புகார் ஆணையத்துக்குப் போகட்டும். ஆணையம் பரிந்துரைதான் செய்யும், ஃபைல் மறுபடி அதே துறையின் மேஜைக்குத்தான் வரும். இருந்தாலும் அனுப்புங்கள். வேறு ஸ்டேஷனுக்குப் போனால் 'எங்க லிமிட் இல்லை' என்பார்கள். எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம், இந்த வகைப் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். அங்கும் நடக்கவில்லையா, மாஜிஸ்திரேட் கோர்ட்.

தங்கை ஸ்டேஷனுக்குப் போன தேதியையும் நேரத்தையும் மனுவில் எழுதி, சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லுங்கள். 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது. புகார் என்றதும் கேமராவுக்குக் கண்வலி வந்துவிடும், அதனால் சீக்கிரம்.

எல்லைப்பக்கத் தமிழர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று: மனு எழுதித் தருபவர். மலையாளத்தில்தான் கொடுக்கணும் என்று சொல்லி, நமக்குப் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்குவார். 'ஆபாசமாக எழுதினார்' என்று நாம் சொன்னது அதில் 'மரியாதையில்லாமல் பேசினார்' என்று மாறியிருக்கும். அதோடு கேஸ் போச்சு. சித்தூர் தாலுகா தமிழ் மொழிச் சிறுபான்மைப் பகுதி, தமிழில் மனு கொடுக்க உரிமை உண்டு. தங்கை தன் வார்த்தையில், தன் கையால் எழுதட்டும். அண்ணன் நீங்கள் திருத்தி அழகாக்க வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணையம் இலவச வக்கீல் தரும்.

ஸ்கூட்டர் புகாரை வாபஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடுத்து தூது வரும். வாங்காதீர்கள். அந்த விசாரணையை வேறு அதிகாரிக்கு மாற்றச் சொல்லி எஸ்.பி. மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.