வெந்தயத் தட்டில் வெள்ளை, தொட்டியில் திரளாத பூண்டு

வணக்கம். ஐப்பசி மழையில் வெந்தய முளைக்கீரைத் தட்டு வெள்ளை படர்ந்து நாறிவிட்டது, தொட்டியில் ஊன்றிய பூண்டு தாள் விட்டதே தவிர அடியில் திரளவில்லை என்று கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

வெள்ளையெல்லாம் பூஞ்சை அல்ல. வேரைச் சுற்றி மட்டும் மெல்லியதாக நின்று, தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, அதாவது வேரில் வளரும் நுண்ணிய மயிரிழை; பயப்பட ஒன்றுமில்லை. தண்டுக்குத் தண்டு நூலாம்படை போலத் தாவி, அடித்தண்டு கொழகொழவென்றிருந்தால் பூஞ்சை. உங்களுடையது நாறியிருப்பதால் இரண்டாவதுதான். கொட்டிவிடுங்கள், கழுவிச் சமைக்கலாம் என்ற சிக்கனம் இங்கே வேண்டாம்.

அடைமழையில் விதையை நெருக்கித் தூவுவதுதான் பெரும்பாலும் வினை. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். துளையுள்ள தட்டில் தென்னைநார்க்கழிவு போதும். முளைத்தபின் மேலே தெளிக்காமல், கீழ்த்தட்டில் ஊற்றி உறிஞ்சவிட்டு மிச்சத்தைச் சாய்த்துவிடுங்கள். சற்று மின்விசிறிக் காற்றும் படட்டும். விதைப்புக்கென விற்கும் விதையில் மருந்து தடவியிருக்கலாம்; மளிகைக்கடை வெந்தயமே நல்லது.

பூண்டு திரளக் குளிர் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு கொடைக்கானலில் விளைவது சும்மா இல்லை. நம் காவிரிக் கரையில் மார்கழிப் பனியும் அதற்குப் போதாது. ஆகவே தாளையே அறுவடையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் வளர்ந்ததும் அடியில் இரண்டு விரற்கடை விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். ரசத்தை இறக்கும்போது பொடியாக அரிந்து தூவிப் பாருங்கள்; அடை மாவிலும் சேர்க்கலாம்.