தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

அன்புள்ள ஐயா,

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை ஆங்கிலத்திலேயே வாசித்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். பதினாலாவது அத்தியாயத்தில் காலின்ஸ் என்ற பாதிரியார், தன்னை ஆதரிக்கும் லேடி கேதரினின் 'கண்டிசென்ஷனை' வாயாரப் புகழ்கிறார். அகராதியில் 'தன்னை உயர்த்திக்கொண்டு மற்றவரை மட்டமாக நடத்துவது' என்று இருக்கிறது. இதைப் போய் யாராவது புகழ்வார்களா? பழைய ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டுப் படித்துவிட்டு நாவலுக்கு வரலாமா?

க.

அன்புள்ள க,

காலின்ஸ் மனதாரத்தான் புகழ்கிறார். அன்றைக்கு அது ஒரு நற்குணத்தின் பெயர். பெரிய இடத்து ஆள் அந்தஸ்து பார்க்காமல் இறங்கி வந்து பழகுவது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும், உயரத்தில் இருப்பவர் தானாக இறங்கி மற்றவரோடு சமமாக நிற்பது என்ற பொருள்தான். மேல் கீழ் என்பது உலக இயல்பு என்று எல்லோரும் நம்பிய வரைக்கும் இறங்கி வருவது பெருந்தன்மை. அந்த நம்பிக்கை தளர்ந்ததும் 'இறங்கி வர இவர் யார்?' என்று கேட்கத் தோன்றுமே, அப்போது அதே சொல் வசவாகிவிட்டது.

பட்டியல் வேண்டாம். 'ஹிதர்' (இங்கே), 'பிட்விக்ஸ்ட்' (இடையில்) மாதிரிப் பழைய சொற்கள் உங்களை ஒன்றும் செய்யாது, தெரியாது என்று தெரிகிறது, அகராதியைப் புரட்டுவீர்கள், முடிந்தது. கவனிக்க வேண்டியது தினமும் புழங்குகிற சொற்களை. அவை பழைய பொருளோடு வந்து நிற்கும்போது நாம் சந்தேகப்படுவதே இல்லை. இதே நாவலின் 53ஆம் அத்தியாயத்தில் புது மருமகன் விக்கமைப் பற்றி மாமனார் பென்னட், அவன் நம் எல்லோரிடமும் 'மேக்ஸ் லவ்' என்கிறார். உடலுறவு என்ற இன்றைய பொருளில் வாசித்தால் தூக்கிவாரிப்போடும். அவர் சொல்வது, அவன் எல்லோரிடமும் தேனொழுகப் பேசி மனதைப் பிடிக்கப் பார்க்கிறான் என்பது மட்டும்தான்.

ஆஸ்டின் காலத்துக்கும் முன்னே போனால் இன்னும் வியப்பு. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், கிறிஸ்து வரும்போது உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை 'பிரிவென்ட்' செய்யமாட்டார்கள் என்று ஒரு வசனம். தடுக்கமாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றும் புரியாது. நம் தமிழ் பைபிளில் அதே இடத்தை, 1 தெசலோனிக்கேயர் 4:15, பாருங்கள்: 'முந்திக்கொள்வதில்லை'. அதுதான் சரி. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முன்னே வருதல் என்று பொருள், முன்னே வந்து நிற்பவன் வழியை மறிக்கிறான் என்பதால் தடுத்தல் என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆங்கிலம் குழப்பிய இடத்தைத் தமிழ் தெளிவாக்கியதைக் கண்ட அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

உங்களிடம் பாஸ்போர்ட் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போக அனுமதிக்கும்படி குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்டிருக்கும். 'லெட்' என்றால் அனுமதிப்பது ஆயிற்றே, அனுமதி இல்லாமலா? இல்லை, இங்கே அது தடை. பழைய ஆங்கிலத்தில் 'விடு' என்பதற்கும் 'தடு' என்பதற்கும் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருந்தன, ஒலி தேய்ந்து தேய்ந்து ஒன்றுபோல் ஆகிவிட்டன. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், தன்னைத் தடுப்பவனைக் கொன்று ஆவியாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் கத்துகிற இடத்திலும் இந்த 'லெட்'தான்.

சரி, எப்படி வாசிப்பது? எளிய சொற்களால் ஆன ஒரு வாக்கியம் அந்தப் பாத்திரத்துக்கோ சூழலுக்கோ பொருந்தாமல் இடித்தால் அங்கே நில்லுங்கள். கைபேசி அகராதி பெரும்பாலும் இன்றைய பொருளை முன்னால் வைக்கும். 1884 தொடங்கி 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியோ பொருள்களைக் கால வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஆண்டோடு மேற்கோள் காட்டி வைக்கிறது. நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம், குறிப்புகளோடு கூடிய பதிப்பாக வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இன்னொன்று. நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். எலிசபெத் தன் அக்கா ஜேனின் 'கேண்டரை'ப் புகழும் இடம். இன்று அதற்கு மூடி மறைக்காமல் பேசுவது என்று பொருள். ஆனால் எலிசபெத்தே அடுத்து விளக்குகிறாள்: எவரிடமும் உள்ள நல்லதை எடுத்து இன்னும் நல்லதாக்கி, கெட்டதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. நாவல் முழுக்க ஜேன் அப்படித்தான் இருக்கிறாள். அந்த ஒரு வரியைப் பழைய பொருளில் வாசித்துவிட்டு மேலே தொடருங்கள்.