பின்பக்க மேன்ஹோல் நிரம்பினால் யார் செலவு?

தம்பி, உங்கள் கேள்வியை ஊரில் இருந்தபடி படித்தேன். காவேரிப்பட்டணத்தில் அம்மா வீட்டுக்கு லீவில் வந்திருக்கிறேன். இன்று காலைதான் செப்டிக் டேங்க் லாரி வந்து தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போனது. நம் மனை, நம் தொட்டி, நம் காசு. பாலக்கோட்டில் உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதே கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் வீடு வாங்கினால் காசு வீணாகப் போகும்.

லூட்டனில் வரிசை வீடு வாங்கி மூன்று மாதம், பின்பக்க மேன்ஹோல் நிரம்பி வழிகிறது, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆளைக் கூப்பிட்டுச் செலவைப் பாதிப் பாதி போடலாம் என்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் உங்களை ஏமாற்றவும் இல்லை. பல வீட்டுக் கழிவுநீர் சேர்ந்து ஓடும் குழாய் பல இடங்களில் அந்த வீட்டுக்காரர்களின் சொத்தாக இருந்தது. அடைத்தால் எல்லோரும் பங்கு போட்டார்கள். 2011 அக்டோபர் 1 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது மாறியது. அந்த வருடம் ஜூலை 1க்குள் பொதுச் சாக்கடையோடு இணைந்திருந்த குழாய்கள் கழிவுநீர் கம்பெனியின் கைக்குப் போய்விட்டன. பெரியவருக்குப் பழைய வழக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கணக்கு இப்படி. உங்கள் எல்லைக்குள், உங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் ஓடும் குழாய் உங்களுடையது. இன்னொரு வீட்டுத் தண்ணீர் வந்து சேர்ந்த இடத்திலிருந்து, உங்கள் தோட்டத்துக்கு அடியிலேயே ஓடினாலும், கம்பெனி பொறுப்பு. எல்லையைத் தாண்டிவிட்டால் உங்கள் ஒரு வீட்டுக் குழாயும் அவர்களுடையதுதான்.

என் முதல் வீட்டில் இது தெரியாமல் அடைப்பு எடுக்க 180 பவுண்ட் கொடுத்தேன். வந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேன்ஹோல் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைக் கொடுத்து அவர் சிங்க்கில் ஊற்றச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இடது பக்கக் குழாய் வாயிலிருந்து மஞ்சள் மெல்ல இறங்கி என் வீட்டுத் தண்ணீரோடு கலந்து ஓடியது. அது பொதுக் குழாய்! அந்தப் பணம் நான் கொடுத்திருக்கவே வேண்டாம்.

வீடு வாங்கும்போது வக்கீல் கொடுத்த சாக்கடைக் குழாய் வரைபடத்தில் அந்தக் குழாய் இல்லையே என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். 2011இல் கைமாறிய குழாய்கள் பல இன்னும் வரைபடத்தில் ஏறவில்லை. பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டும் எண்ணம் இருந்தால், பொதுக் குழாயிலிருந்து 3 மீட்டருக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் கம்பெனியின் சம்மதம் வேண்டும். வீட்டை விற்கும்போது அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள்.

இன்னொன்று, வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். வடை சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றவே கூடாது. மார்கழியில் நம் ஊர்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்குமே, அங்கே குழாய்க்குள் அதுதான் நடக்கிறது. அதோடு வெட் வைப்ஸும் (துடைக்கும் ஈரத் தாள்) சேர்ந்தால் கல்லாகிவிடும். 2017இல் லண்டன் வைட்சாப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் அப்படி ஒன்றை உடைத்து எடுத்தார்கள். பழைய டப்பாவில் ஊற்றி, ஆறி உறைந்ததும் குப்பையில் போடுங்கள்.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. லூட்டனில் குடிநீர் ஒரு கம்பெனி, கழிவுநீர் வேறு கம்பெனி. பில்லைப் பார்த்துக் கழிவுநீர்க்காரர்களுக்குப் போன் போடுங்கள். எத்தனை வீட்டுத் தண்ணீர் அந்த மேன்ஹோலில் சேர்கிறது என்று கேட்பார்கள். பெரியவர் வீட்டிலும் தண்ணீர் போகாமல் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டு பேசுங்கள். நின்றால் அடைப்பு பெரும்பாலும் பொதுக் குழாயில்தான். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் காசு மிஞ்சும்.