சில்வர் ஓக் பட்டையில் சாம்பல் படலம்: மருந்து அடிக்க வேண்டுமா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் பட்டையில் வட்டவட்டமாகச் சாம்பல் படலம் பரவுகிறது என்று படத்துடன் எழுதியிருக்கிறார். மருந்துக் கடைக்காரர் அதைப் பூஞ்சை நோய் என்கிறாராம். வியாபாரி ஒருவரோ கல்பாசி என்று சொல்லிச் சுரண்டி எடுத்துப்போகக் கேட்கிறாராம்.

இருவர் சொல்வதும் சரியில்லை. படத்தில் இருப்பது பிக்சின் கோக்கோயஸ் என்னும் லைக்கன் போலத் தெரிகிறது. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர். அதற்கான உணவை உள்ளிருக்கும் பாசியே வெளிச்சத்தில் தயாரித்துக்கொள்கிறது. அடிப்புறத்துக் கறுப்பு இழைகள் பிடிமானத்துக்கு மட்டுமே. மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. வாடிய மரத்தில் லைக்கன் மிகுந்திருக்கக் காரணம், இலை உதிர்ந்து பட்டையில் வெளிச்சம் விழுவதுதான். கடைக்காரர் விளைவைக் காரணமாக்கித் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி மருந்தை விற்கிறார். அதை அடிக்கத் தேவையில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். படலத்தின் விளிம்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள மடல்களாகப் பிரிந்து, நகத்தால் நெம்பினாலும் வராத அளவுக்குப் பட்டையோடு ஒட்டியிருக்கும். மடல் நுனிகளில் வெண்பூச்சும், ஓரங்களில் மாவு போன்ற துகள்களும் தெரியும். கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை இருட்டில் காட்டினால், மேல்தோலிலுள்ள லைக்சாந்தோன் என்னும் வேதிப்பொருளால் மஞ்சளாக ஒளிரும். இதே தோற்றமுள்ள டிரினேரியா என்னும் இன்னொரு லைக்கன் அப்படி ஒளிராது. அதன் அடியில் இழைகளும் இரா.

சமையலுக்கு வாங்கும் கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் பார்மோட்ரீமா என்னும் வேறு வகை. அதன் மடல்கள் அகலமானவை, ஓரம் பட்டையை விட்டுத் தூக்கி நிற்கும். ஒட்டிப்படர்ந்த உங்கள் லைக்கனைச் சுரண்டினால் பட்டைத்தூள்தான் அதிகம் வரும். அதை வாங்குபவர் எதில் கலக்கப்போகிறார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டிலும் எடுத்துத் தரச் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் எடுத்தால் வழக்கு உங்கள் மேல் வரும்.

லைக்கனைத் தேய்த்து நீக்கத் தேவையில்லை என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அராபிக்கா காப்பிச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு பட்டை வெடிப்புகளில் முட்டையிடும் என்பதால், அது பறக்கும் ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் பருவங்களை ஒட்டித் தண்டையும் பருத்த கிளைகளையும் தேங்காய்நார்க் கையுறையால் தேய்த்துத் தளர்ந்த பட்டையை நீக்குவது வழக்கம். அப்போது லைக்கனும் சேர்ந்து போகும், போகட்டும். ஆனால் அந்த வேலை வண்டுக்காக, அதுவும் அராபிக்காவுக்காக. பச்சைப்பட்டை காயப்படும்படி அரிவாளாலோ கம்பித் தூரிகையாலோ சுரண்டக் கூடாது. ரொபஸ்டா வகைக் காப்பிக்கு இது பொதுவாகத் தேவைப்படாது. சில்வர் ஓக்குக்குத் தேவையே இல்லை. காப்பியைத் தேய்க்கும் ஆட்களைக் கூலி மிச்சமென்று நிழல்மரத்துக்கும் அனுப்பும் தோட்டங்கள் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டைத்துண்டை எந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோனாலும், பயிர் என்றால் ஒரு துறை, மரம் என்றால் இன்னொரு துறை என்று அலையவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் கடைக்காரர் நிபுணராகிவிடுகிறார். அடுத்த முறை மருந்து எழுதினால், நோயின் பெயரையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மரம் உண்மையிலேயே வாடினால் படலத்தை விட்டுவிட்டு, அடிமரத்தைச் சுற்றி மண்ணை விலக்கி வேர் அழுகியிருக்கிறதா என்று பாருங்கள்.