ஹெர்னான் க்ரெஸ்போ ஏன் இத்தனை கிளப் மாறினார்? கால்பந்தில் ‘லோன்’ என்றால் என்ன?

லோன் என்பது, ஒரு கிளப் தன் வீரரை விற்காமல் குறிப்பிட்ட காலத்துக்கு இன்னொரு கிளப்புக்கு ஆட அனுப்புவது. அரசு வேலையில் அயல்பணி போவதைப் போலத்தான்: வேலை செய்வது வேறு இடத்தில், ஆனால் பதவி தாய்த்துறையில்.

அர்ஜென்டினா வீரரான க்ரெஸ்போ அங்குள்ள ரிவர் பிளேட் கிளப்பில் தொடங்கி 1996-ல் இத்தாலியின் பார்மாவுக்குப் போனார். 2000-ல் இன்னொரு இத்தாலிய கிளப்பான லாட்ஸியோ அவரை அப்போதைய உலகச் சாதனை விலைக்கு வாங்கியது, அந்த சீசனிலேயே 26 கோல் அடித்து இத்தாலிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஆனார். ஆனால் லாட்ஸியோ பண நெருக்கடியில் சிக்கியதால் 2002-ல் இத்தாலியின் இன்டர் கிளப்புக்கு விற்கப்பட்டார், அடுத்த வருஷமே இங்கிலாந்தின் செல்சிக்கு. பெரிய விலைக்குப் போகும் வீரரைத்தான் பணமுடை வந்ததும் முதலில் விற்பார்கள், காரணம் அவ்வளவுதான்.

செல்சி அவரை 2004-ல் இத்தாலியின் ஏ.சி. மிலன் கிளப்புக்கு லோனில் அனுப்பியது. 2005-ல் இஸ்தான்புல்லில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதியாட்டத்தில் மிலனுக்காக இரண்டு கோல் அடித்தார். அதில் இரண்டாவதைப் பாருங்கள்: நடுக்களத்திலிருந்து சக வீரர் ககா நீட்டிய பந்தை, ஓட்டத்தை நிறுத்தாமல், முதல் தொடுதலிலேயே கோல்கீப்பர் தலைக்கு மேல் மெதுவாகத் தூக்கி விட்டார். அப்படி ஆடியும் மிலன் பெனால்டியில் தோற்றது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், லோனில் போனாலே கிளப் கைகழுவிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படி இல்லை: க்ரெஸ்போ 2005-ல் செல்சிக்குத் திரும்பி, அந்த சீசனில் அந்த அணியோடு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையை வென்றார்.