வாசகர் கேள்வி - பதில்: குழந்தைகள் இல்லத்திலிருந்து கல்லூரிக்கு

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் பிளஸ் டூ படிக்கும் மாணவன் ஒருவன் ஐந்து வயதிலேயே தாய் தந்தையை இழந்து, அரசு அங்கீகாரம் பெற்ற குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறான். வரும் ஜனவரியில் அவனுக்கு 18 வயது நிறைவடைகிறது. பொதுத்தேர்வோ மார்ச் மாதத்தில். பொறியியல் படிக்க ஆசைப்படுகிறான். இல்லத்தை விட்டு வந்த பிறகு அவன் படிப்புக்கு அரசு உதவி கிடைக்குமா?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கிடைக்கும். ஆனால் அது தானாக வந்து சேராது. அவன் இல்லத்தில் இருக்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிறைந்து இல்லங்களை விட்டு வெளியேறுவோருக்கு 21 வயது வரை நிதியுதவி உள்ளிட்ட பிற்காப்பு (இல்லத்தை விட்டு வந்த பிறகும் தொடரும் ஆதரவு) வழங்க வகை செய்கிறது. சிறப்புச் சூழல்களில் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க, 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் இடமுண்டு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டு நெறிமுறைகள் இதற்கென மாதம் 4,000 ரூபாய் நிர்ணயித்துள்ளன. உங்கள் மாணவன் பொறியியல் முடிக்கும்போது அவனுக்கு 22 வயது கடந்திருக்கும் என்பதால், நீட்டிப்பு தேவைப்படும் என்பதை முதல் மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அவன் எங்கே தங்குவான், என்ன படிப்பான், செலவுக்கு என்ன வழி என்ற திட்டத்தை இல்லத்தின் குழந்தை நல அலுவலரோ சமூகப் பணியாளரோ தயாரித்து அந்தக் குழுவிடம் அளிக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் அவனுடைய திட்டம் நவம்பருக்குள் குழுவின் மேசைக்குப் போயாக வேண்டும். பொதுத்தேர்வு முடியும்வரை அவன் தங்குமிடம் மாறக் கூடாது என்றும், தேர்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடைப்பட்ட மாதங்களில் அவனுக்குச் சோறும் கூரையும் வேண்டும் என்றும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்கூட அந்த இடைவெளியில்தான் ஏதோ ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு படிப்புப் பக்கமே திரும்பாமல் போய்விடுகிறார்கள்.

கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை, அவன் 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுவான். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. மாணவியாக இருந்தால் அதே தொகை புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும். இல்லம் மாறியபோதெல்லாம் பள்ளியும் மாறியிருக்கும் என்பதால், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும். இதை ஆசிரியையான நீங்கள் இப்போதே தொடங்கினால் அவனுக்குப் பேருதவி.

சாதிச் சான்றிதழ் இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லங்களிலும் பள்ளிகளிலும் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளனர். இல்லத்தின் சேர்க்கை ஆவணங்களோடு வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகலாம்.

சிறிதாகத் தோன்றும் ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்பிள்ளைகளின் ஆதாரில் பெரும்பாலும் இல்லத்தின் கைபேசி எண்ணே பதிவாகியிருக்கும். வெளியே வந்த பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் யாரையாவது தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்கும். சிறார் பெயரில் தொடங்கிய வங்கிக் கணக்கையும் 18 வயதானதும் புதிய கையொப்பம், ஆவணங்கள் கொடுத்து மாற்றியாக வேண்டும். உதவித்தொகை முழுவதும் அந்தக் கணக்குக்கே வருவதால், இந்த இரண்டையும் பிறந்தநாள் கழிந்த முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

கல்விக்கடனைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கிகள் வழக்கமாகப் பெற்றோரை இணைக்கடன்தாரராகக் கேட்கும். அவன் யாரை அழைத்துப் போவான்?

கேள்வி: நாங்கள் ஓய்வுபெற்ற தம்பதியர். இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவ விரும்புகிறோம். இல்லத்துக்கு நன்கொடை கொடுத்தால் போதுமா?
- வாசகர், திருச்சி

பதில்: நன்கொடை நல்லதே. ஆனால் அது இல்லத்தில் இப்போது இருக்கும் குழந்தைகளுக்குச் செலவாகும். வெளியேறிவிட்ட மாணவரை எட்டாது. உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் செல்லுங்கள். பிற்காப்பில் உதவ முன்வரும் தனிநபர்கள், அமைப்புகளின் பட்டியலை வைத்திருப்பது அந்த அலகின் கடமை. அதில் பெயரைப் பதிந்து, ஒரு மாணவரின் படிப்புக் காலம் முழுவதும் மாதந்தோறும் இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளுங்கள். மாதம் 4,000 ரூபாயில் திருச்சி போன்ற நகரில் அறை வாடகையும் சாப்பாடும் அடங்காது என்பதால், நீங்கள் தரும் இரண்டாயிரமும் அவருக்குப் பெரிய தொகைதான். பொங்கல், கோடை விடுமுறைகளில் விடுதியை மூடும்போது அவர் எங்கே தங்குவார் என்பதையும் அந்த அலகின் அலுவலரிடம் கேட்டு, உங்களால் இயன்ற ஏற்பாட்டை அந்த அலுவலர் மூலமாகவே செய்யுங்கள்.