மறுபதில்: 46 வயதில் மலையேற்றக் குழுவில் சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள். காட்பாடிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதமாகியும் பேச ஆளில்லை, குழுவில் சின்னப் பசங்களாக இருப்பார்கள், மூச்சு வாங்கினால் கேலி செய்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேலி செய்கிற குழு என்றால் அது உங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

சேர்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வனத்துறை அனுமதி வாங்கித்தான் போகிறார்களா? கடைசி ஆளோடு நடந்து வருவது யார்? 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு காட்டுப் பாதைக்கு அனுமதி கட்டாயம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று மழுப்பினால் நழுவிவிடுங்கள். இரண்டாவதுக்குச் சட்டென்று ஒரு பெயர் வர வேண்டும்.

முதல் நடைக்கு ஏலகிரியில் உள்ள சுவாமிமலை உச்சி போதும். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ். நம்ம ஊர் வெயில் தெரியுமில்லையா? பாறை சுடுவதற்குள் இறங்கிவிடுகிற மாதிரி கிளம்புங்கள். புது ஷூ வேண்டாம், பழகிய ஷூவே போடுங்கள். மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீ பயத்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் அதே ஆட்களோடு விடியற்காலை சைக்கிள் ஓட்டலாம்.

நட்பு வாட்ஸ்அப் குழுவில் வராது. அங்கே குட்மார்னிங் படம்தான் வரும். ஏற்றத்தில் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டும்போது, திரும்பும் வழியில் ஆம்பூரில் இறங்கிச் சீரகசம்பா பிரியாணிக்கு உட்காரும்போதுதான் பேச்சு தொடங்கும். அதனால் இறங்கியதும் வீட்டுக்கு ஓடாதீர்கள். குழுவையும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

முட்டி வலி உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் படுத்தும். ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.